யார் கழுத்துக்கும் போகாத கட்டை

ஒரு ஊர்ல ஒரு இங்கிலீசுப் பள்ளிக்கூடம் இருந்துச்சாம் சாமி. அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு கட்டை இருந்துச்சாம். உன்ர டிபன் டப்பா இருக்குதில்ல, அந்த அளவு. ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் சரிவா இருக்கும். செவப்புப் பெயின்ட் அடிச்சு, ஓட்டை போட்டு, கயிறு கோத்து வெச்சிருந்தாங்க.

எதுக்குன்னு கேளு. ம் கொட்டினாத்தான் கதை நகரும்.

ஆங், அப்படி. அங்க யாராவது தமிழ்ல பேசிட்டா அந்தக் கட்டையை அவங்க கழுத்துல மாட்டிருவாங்க. நடந்தா நெஞ்சுல டக்கு டக்குனு இடிக்கும். கழட்டறதுக்கு ஒரே வழிதான். தமிழ் பேசற இன்னொரு புள்ளையைக் கையோட புடிச்சு, அது கழுத்துல போட்டுரோணும். சாயங்காலம் மணி அடிக்கறப்ப யார் கழுத்துல கெடக்குதோ, அவங்க வாசல் பூராப் பெருக்கோணும். மறுநாளும் அது அவங்க கழுத்துலதான். அப்போ யாரு வாயைத் தொறப்பா? வெளையாட்டு நேரத்துலகூடப் பம்பரம் ஙொய்யினு சுத்தற சத்தம்தான் கேக்கும். ஒருத்தரை ஒருத்தர் திருடனைப் பாக்கற மாதிரி பாத்துட்டே இருப்பாங்க.

அப்போ பூங்கோதைனு ஒரு புள்ள அங்க புதுசா வந்து சேர்ந்துச்சு. தோட்டத்துப் புள்ள, வாயின்னா அப்படி ஒரு வாயி. காத்தால பள்ளிக்கூட பஸ்ல ஏறறப்பவே டிரைவர் நாச்சிமுத்து அண்ணங்கிட்ட ஊர்க்கதையெல்லாம் பேசிருவா. அவரோட முட்டுக்கட்டை எப்பவோ காணாமப் போச்சு. வண்டி நழுவாம டயருக்கு வெக்கறதுக்குத் தெனமும் கல்லு தேடுவாரு. பூங்கோதைதான் நல்ல கல்லாப் பாத்துத் தூக்கிட்டு வந்து குடுப்பா.

அவளுக்கு ட்ரீ, டோர், பஸ் எல்லாம் சுளுவா வந்துருச்சு. இந்த முன்னால, பின்னால, மேல, கீழதான் மக்கர் பண்ணுச்சு. நாம எப்படிச் சொல்றோம்? கதவுக்கு முன்னால. மொதல்ல கதவு, அப்புறம் முன்னால. இங்கிலீசுல 'இன் ஃப்ரன்ட் ஆஃப்' மொதல்ல ஓடி வந்துருது, கதவு பொறகால ஆடி அசைஞ்சு வருது.

அப்புறம் ஒரு நாள் அவ செருப்பைக் காணோம். தேடித் தேடிக் கண்டுபுடிச்சுட்டு, "மிஸ்! மை ஸ்லிப்பர் டோர் இன் ஃப்ரன்ட் ஆஃப்!"னு கத்தினா. வகுப்பே கொல்லுனு சிரிச்சுச்சு. சம்பத்துனு ஒரு பையன், பெரிய போக்கிரி, "ரிவர்ஸ் கியர்! ரிவர்ஸ் கியர்!"ங்கறான். அது இங்கிலீசாச்சே, அவனை யாரு புடிக்கறது?

பூங்கோதைக்குச் சுர்ருனு வந்துருச்சு. "எந்தக் கதவுனு தெரியாம எதுக்குடா முன்னால போயி நிக்கறது? மொதல்ல கதவைக் காட்டு, அப்புறம் நிக்கறேன்!"

டக்! கட்டை அவ கழுத்துல.

ம்?

அந்த வாரம் பாரு, பிரமிளா மிஸ் வந்து சொன்னாங்க, சனிக்கெழமை எல்லாரும் பஸ்ல கடல் பாக்கப் போறோம்னு. ஆனா அன்னைக்குக் காத்தால யார் கழுத்துல கட்டை இருக்குதோ அவங்க வரக் கூடாது, வாட்ச்மேன் அக்காகூட இருந்துக்கோணும்னு. பூங்கோதை கடலைப் பாத்ததே இல்ல. அந்தப் பக்கத்துக் கரையே இல்லாத கெணறு மாதிரி இருக்கும்னு அவ அப்பா சொல்லியிருந்தாரு. அதை எப்படியாச்சும் பாத்துரோணும். யாரு தமிழ் பேசுவாங்கன்னு காதைத் தீட்டிக்கிட்டுத் திரிஞ்சா.

அப்போ திவ்யதர்ஷினினு ஒரு சின்னப் புள்ள ஓடி வந்து சொத்துனு விழுந்துச்சு. "அம்மா!" முட்டியில ரத்தம். எல்லாக் கையும் அதைக் காட்டுச்சு. "தமிழு தமிழு"னு சொல்லாம சொல்லுச்சு. பூங்கோதை கட்டையைக் கழட்டிட்டுப் பக்கத்துல போனா. அந்தப் புள்ள அழுகையை முழுங்கிக்கிட்டுக் கழுத்தை நீட்டுச்சு. அந்த நீட்டுன கழுத்தைப் பாத்தா பூங்கோதை.

"விழுந்தா அம்மானு கத்தாம மதர்னா கத்துவாங்க?"னு சொல்லிட்டு, கட்டையைத் தன் கழுத்துலயே திரும்பப் போட்டுக்கிட்டா. பாட்டில் தண்ணியை ஊத்தி முட்டியைக் கழுவி விட்டா.

அப்புறம் சம்பத்து. டிபன் டப்பாவைத் தொறந்தான். "ஐயையோ, இன்னைக்கும் உப்புமாவா!" சொன்னப்புறம்தான் நாக்கைக் கடிச்சான். நேரா எதுக்க பூங்கோதை. ரிவர்ஸ் கியர்னு சொன்னானே, இப்ப மாட்டுனானில்ல?

"தின்னு, ஆறிப்போகுது"ன்னா அவ. அவ்வளவுதான்.

அப்போதான் புள்ளைங்களுக்கு ஒண்ணு வெளங்குச்சு. கட்டை இவகிட்டக் கெடக்குது. இவ யாருக்கும் போட மாட்டேங்கறா. அப்படின்னா நம்ம என்ன பேசினா என்ன? ஒரு வாயி தொறந்துச்சு, அப்புறம் இன்னொரு வாயி, அப்புறம் கலகலகலனு மைதானமே பேசுச்சு. சண்டை என்ன, பாட்டு என்ன! பூங்கோதைக்கு மட்டும் நெஞ்சுல டக்கு டக்கு, சாயங்காலமானா வாசல் பெருக்கற வேலை.

ம் கொட்டு சாமி, தூங்கிட்டயா?

அப்புறம் வெள்ளிக்கெழமை. மிஸ் போர்டுல எழுதிக்கிட்டு இருந்தாங்க. மேல இருந்து ஒரு பல்லி, பொத்துனு, அவங்க தோள்ல. "ஐயோ பல்லி! பல்லி! தட்டி விடுங்கடி!"

பல்லி ஓடிப் போச்சு. வகுப்பு பூராக் கட்டையைத் திரும்பிப் பாத்துச்சு. "போடு பூங்கோதை, போடு"னு சம்பத்து கிசுகிசுத்தான். பூங்கோதை கை கயித்துக்குப் போச்சு. கண்ணுக்குள்ள கடல் தளதளங்குது. இதை விட்டா வேற நேரமே இல்ல.

கையை எடுத்துட்டா. "பல்லி விழுந்தா எல்லாரும் அப்படித்தானுங் மிஸ் கத்துவாங்க. இது யார் கழுத்துக்கும் போகாதுங்."

மிஸ் மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஆனா அவங்களும் பிடிவாதக்காரி. விட்டாப் பள்ளிக்கூடமே கெட்டுப் போயிரும்னு நெனைச்சாங்க போல.

விடிஞ்சா சனிக்கெழமை. வாசல் மேட்டுல பஸ் நிக்குது, டுர்ர்ர்ர்னு. எல்லாரும் ஏறியாச்சு. "பூங்கோதை, யூ ஸ்டே"னு மிஸ் சொல்லிட்டாங்க.

அவ அழுதாளா? அதுதான் இல்ல. குடுகுடுனு ஓடிப் போயி பஸ்சுக்கு முன்னால காலை அகட்டி நின்னுக்கிட்டா. "மிஸ்! பஸ் இன் ஃப்ரன்ட் ஆஃப் ஐ ஸ்டேண்டிங்! கட்டை பிகாஸ் ஆஃப் ஐ நோ கோயிங்! திஸ் நோ நியாயம்!"

இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கல.

"ஏனுங் மிஸ், புள்ளை மேலயா வண்டியை உடச் சொல்றீங்க?"ன்னாரு நாச்சிமுத்து அண்ணன்.

அப்போ படியில தொப்புனு ஒரு சத்தம். திவ்யதர்ஷினி எறங்கி வருது, முட்டியில பிளாஸ்திரியோட. "மிஸ், இன்ஸ்டெட் ஆஃப் பூங்கோதை, ஐ ஸ்டே." பூங்கோதைக்குப் பதிலா நான் இருந்துக்கறேன்னு. அப்புறம் தொப்பு தொப்பு, "இன்ஸ்டெட் ஆஃப் திவ்யா, ஐ ஸ்டே!" அப்புறம் அவளுக்குப் பதிலா இவன், இவனுக்குப் பதிலா அவன்னு சொல்லிச் சொல்லி, பஸ்ஸே காலி! கடைசியாச் சம்பத்து வந்து அவ தோளோட ஒட்டி நின்னான். "பூங்கோதை நெக்ஸ்ட் டு, ஐ ஸ்டேண்டிங்!"னு அவ சொல்ற மாதிரியே சொன்னான், வேணும்னே.

மிஸ் வாயைத் தொறக்கறதுக்குள்ள, கிர்ர்ர்ர், வண்டி பின்னால நழுவுச்சு! ஆள் எறங்கி எறங்கிக் குலுக்குனதுல டயருக்கு வெச்ச கல்லு உருண்டு போச்சு. "பிரேக்கை மிதிச்சுக்கிட்டேன், யாராச்சும் பின் டயருக்கு முட்டு வையுங்க!"னு நாச்சிமுத்து அண்ணன் கத்தறாரு. கல்லு எங்க? சுத்துமுத்தும் ஒண்ணுமில்ல. பூங்கோதை சடார்னு கயித்தைக் கழட்டினா. யார் கழுத்துக்கும் போடாத கட்டையை டயருக்குப் பின்னால சொருகினா.

கடக்! அச்சு அசலா உக்காந்துருச்சு. வண்டி அசையல.

அண்ணன் எறங்கி வந்து குனிஞ்சு பாத்தாரு. "அட, இது என்ர முட்டுக்கட்டையாச்சே! யாரு சாமி இதுக்குப் பெயின்ட் அடிச்சது?"

"வாசல்ல சும்மா கெடந்துச்சுங்க... நாந்தான் எடுத்து ஓட்டை போட்டேன்"னாங்க மிஸ். தமிழ்ல.

"மிஸ், இப்போ கட்டை டயருகிட்ட இருக்குது. டயருதான் வாசல் பெருக்கோணும்!"னான் சம்பத்து. மிஸ் சிரிப்பை அடக்கிப் பாத்தாங்க, முடியல. "சரி, எல்லாரும் ஏறுங்க. பூங்கோதை, நீயும் ஏறு."

அவ ஏறல. "அது மறுபடி யார் கழுத்துக்காச்சும் வருமாங் மிஸ்? சொல்லுங்க, அப்புறம் ஏறறேன்."

மிஸ் சொன்னாங்க, "வராது."

"கேட்டாலும் நான் குடுக்கறதா இல்லீங்"ன்னாரு அண்ணன். பஸ் கெளம்பிருச்சு, பாம் பாம்.

அப்புறம் கடல். எதுக்க கரையே இல்ல. பூங்கோதை போயி நின்னா. அலை ஹோனு வந்துச்சு. அவ அதைவிடச் சத்தமா, "சீ இன் ஃப்ரன்ட் ஆஃப் ஐ ஸ்டேண்டிங்! கடலுக்கு முன்னால நான் நிக்கறேன்!"னு கத்தினா. கடல் சிரிக்கவும் இல்ல, திருத்தவும் இல்ல. வந்து காலை நனைச்சுட்டுப் போச்சு.

கதை கடலுக்குள்ள எறங்கிருச்சு சாமி. நீ தலகாணிக்கு மேல தலையை வெச்சுக் கண்ணை மூடிக்கோ. விடிஞ்சதும் எந்திரிச்சு, உனக்கு எப்படி வருதோ அப்படிக் கத்து.