சுண்ணக்கட்டி வட்டம்

வேலப்ப அடிகளுக்கு வயது முப்பத்தொன்பது. அவருடைய சீடர் குற்றாலலிங்கத்துக்கு எழுபத்தொன்று. யார் முதலில் கும்பிடுவது என்பதில் இருவருக்கும் அன்றாடம் ஒரு சிறு தகராறு உண்டு. பெரும்பாலும் சீடரே ஜெயிப்பார்.

தை மாதத்தில் ஒருநாள் காலை, கும்பிடவும் மறந்து சீடர் மடத்து வாசலில் வந்து நின்றார்.

"செடி சாகப் போகிறது, சாமி. நீங்கள் வந்து பார்க்க வேண்டும்."

அடிகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார்.

சீடர் வீட்டில் கிழக்குப் பார்த்த நீண்ட சன்னல். அதன் அடியில் சிவப்புச் சிமெண்டு மேடை. தென்கோடியில் ஒரு மண்தொட்டி, அதில் கலாஞ்சோ. தடித்த இலைகளும் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூக்களுமாக, குட்டையாக இருக்க வேண்டிய செடி. இப்போது முழ நீளத்துக்கு வெறும் தண்டு, உச்சியில் நாலு இலை. வடக்கே சாய்ந்த அதை மூன்று குச்சிகள் தாங்கியிருந்தன. தொட்டியைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம்.

"உங்களுக்கே இன்னும் கைத்தடி இல்லை ஐயா. செடிக்கு மூன்றா?"

"இல்லாவிட்டால் ஒடிந்துவிடும். உலகம்மாளுடைய செடி, சாமி. அவள் போய் இரண்டரை வருஷம் ஆகிறது. அதன்பிறகு ஒரு பூ இல்லை. அவள் வளர்த்ததில் மிச்சம் இது ஒன்றுதான்."

"வெளிச்சம் போதாமல் நீண்டிருக்கிறது. வெட்டுங்கள்."

"அவள் செடியையா?"

"தண்டின் அடியைத் தடவிப் பாருங்கள்."

விரலில் ஒரு தழும்பு தட்டுப்பட்டது. சற்று மேலே இன்னொன்று. அதற்கும் மேலே ஒன்று.

"யார் வெட்டியது, ஐயா?"

குற்றாலலிங்கம் முப்பத்தாறு வருஷம் சர்வேயராக இருந்தவர். ஊரிலுள்ள வயல்களுக்கெல்லாம் எல்லை சொன்னவர், பகலில் வீட்டில் இருந்தது குறைவு. யோசித்துத்தான் சொன்னார்.

"பூ முடிந்ததும் செய்தித்தாளில் எதையோ சுற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பாள். முருங்கைக்கீரை என்று நினைத்திருந்தேன்."

அடிகள் தாடியைத் தடவி வாயை மறைத்துக்கொண்டார்.

சீடர் மனைவியின் தையல் பெட்டியைத் திறந்து கத்தரியை எடுத்து வந்தார். ஒரு கணுவுக்கு மேலே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். வெட்டிய தண்டை அப்படியே மண்ணில் ஊன்றப் போனார்.

"இப்போது வேண்டாம், அழுகிவிடும். நாலு நாள் நிழலில் கிடக்கட்டும். வெட்டுவாய் காய வேண்டும்."

குற்றாலலிங்கம் ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் தண்டைக் கிடத்தினார். பிறகு தொட்டியைத் தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வட்டத்துக்குள் பிசகாமல் வைத்தார்.

"திரும்பவும் அங்கேயா?"

"இது அவள் வைத்த இடம். ஆனி பதினெட்டு, கடைசியாகத் தண்ணீர் ஊற்றி இங்கேதான் வைத்தாள். அவள் போன அன்றைக்கே கோடு போட்டுவிட்டேன். நட்ட எல்லைக்கல்லை நான் நகர்த்தியதில்லை, சாமி."

"மேடையைத் துடைப்பதில்லையா?"

"கோடு அழிந்துவிடுமே."

அடிகள் ஓர் ஈரத்துணி கேட்டு வாங்கினார். கோட்டைத் தொடாமல் மற்ற இடத்தை எல்லாம் துடைத்தார். இரண்டரை வருஷத்துத் தூசி போய்ச் சிவப்புத் தெரிந்தது. சிவப்பின்மேல் வெளுத்த வட்டங்கள், ஈரத்தொட்டி இருந்து இருந்து பதிந்த உப்புக்கறை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தென்கோடியிலிருந்து வடகோடி வரைக்கும் போயிருந்தன. வடகோடி வட்டத்தில் தை மாதத்துக் காலை வெயில் விழுந்திருந்தது; தொட்டி இருந்த தென்கோடியில் நிழல்.

சர்வேயர் எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார். ஏழுதான்.

"வெள்ளிக்கிழமைகளில் நான் சவரம் செய்யும்போது இங்கே கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும்" என்றார். "என்ன அது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை."

குனிந்து வட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"சாமி, இந்த ஏழில் அவள் வைத்த இடம் எது?"

அடிகள் துணியைப் பிழிந்தார்.

"எந்த மாதத்தில், ஐயா?"