வஸ்தியான் அனுப்பிய மாற்றாள்

கேட்கிறவர்கள் கேளுங்கள். கடற்கரைக் கோயில்களுக்கெல்லாம் பனையோலைக் கூரை இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் சங்குமுனை என்று ஒரு ஊர் இருந்தது. அந்த ஊரில் வஸ்தியான் என்று ஒரு சம்மாட்டி இருந்தார். மூன்று வள்ளம் அவருக்குச் சொந்தம். மூன்றுக்கும் வலை இருந்தது. மூன்றுக்கும் ஆள் இருந்தது.

சங்குமுனைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போக வேண்டிய ஒருவனால் போக முடியாவிட்டால் அவன் மாற்றாள் அனுப்பலாம். காய்ச்சலில் கிடப்பவன் அனுப்பினான். கல்யாணமான மறுநாள் மாப்பிள்ளை அனுப்பினான். வீட்டில் சாவு விழுந்தவன் அனுப்பினான். துடுப்பைப் பிடிப்பது யாருடைய கை என்று வள்ளம் பார்ப்பதில்லை. போகாதவனும் போனவனாகவே எண்ணப்பட்டான். மாற்றாளாக வரச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். நல்ல வழக்கம்தான். அந்த ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

வஸ்தியானும் நல்ல மனிதர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவன் கெட்டுப்போன கதையைச் சொல்ல நான் இங்கே உட்காரவில்லை. அவர் ஆள்களின் பங்கில் கை வைத்ததில்லை. கஸ்பார் என்று அவரிடம் ஒரு வள்ளக்காரன் இருந்தான். அவனுடைய அம்மா சாகக் கிடந்தபோது, சம்மாட்டியாக இருந்தும் வஸ்தியானே அவன் இடத்தில் உட்கார்ந்து துடுப்பு வலித்தார்.

ஞாயிறுதோறும் உபதேசியார் எஸ்தாக்கி கோயிலில் சுவிசேஷக் கதைகள் சொல்வார். வஸ்தியானுக்கு அவற்றில் ஒரே ஒரு கதைதான் பிடிக்கும். இயேசு ஏரிக்கரையில் நடந்து வந்தார், வலையோடு இருந்தவர்களைப் பார்த்து என் பின்னே வாருங்கள் என்றார், அவர்கள் வலையைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்ற கதை. எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் அவர் அழுவார்.

வீட்டுக்கு வந்து மனைவி மதலேனாளிடம் சொல்வார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் வேகமாகப் போயிருப்பேன். அவர்கள் விட்டது ஓட்டை வலை. நான் மூன்று வள்ளத்தை விட்டிருப்பேன்.

மதலேனாள் மீன் அரிந்துகொண்டே கேட்பாள். ஒருநாள் தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"ஆண்டவர் வரும்போது வரட்டும். இப்ப இந்தத் தண்ணிக் குடத்த உள்ள தூக்கி வைக்கக் கூப்பிட்டு ரொம்ப நேரமாச்சு."

அவர் சிரித்துக்கொண்டார். தினமும் விடியற்காலையில் கடலைப் பார்த்து முழங்காலில் நின்று ஒரே ஒரு ஜெபம் செய்தார். ஆண்டவரே, என்னைக் கூப்பிடும். பெயர் சொல்லிக் கூப்பிடும்.

கேட்டது கிடைத்தது. வருத்தமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஊருக்குத் தெற்கே ஒரு உப்பங்கழி உண்டு. கழிக்கு அக்கரையில் ஒரு மணல்திட்டு. பெருவியாதி வந்தவர்களைச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள். திட்டில் எங்கே தோண்டினாலும் உப்புத்தண்ணீர். சங்குமுனையிலிருந்து குடங்களில் நல்ல தண்ணீர் போகும். கொண்டுபோகிறவர்கள் குடங்களைக் கரை ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். காலும் விரலும் மிச்சமிருந்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். மிச்சமில்லாதவர்கள் குடிசை வாசலில் கிடந்து குடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே செத்தவர்களில் பாதிப்பேரை வியாதி கொல்லவில்லை.

ஒருநாள் காலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வஸ்தியானும் கயிற்றில் கை வைத்திருந்தார். அப்போது கழிக்கு அக்கரையில், திட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"வஸ்தியான், வா."

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பெற்றவள் கூப்பிட்டால் யார் என்றா கேட்கிறோம்? ஈரமணலில் அப்படியே முழங்கால் போட்டுவிட்டார். கயிறு இழுத்தவர்கள் அவருக்குக் கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்து எண்ணெய் கொண்டுவர ஆள் அனுப்பினார்கள்.

செய்தி தெரிந்ததும் ஊர் சும்மா இருக்கவில்லை. கோயில் மணி அடித்தார்கள். உபதேசியார் ஜெபக்கூட்டம் வைத்தார். நம் ஊருக்கு இப்படி ஒரு பாக்கியமா என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொண்டாடி முடித்தபோது சீலா மீன் வரத்து தொடங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் சம்மாட்டி கரையில் இல்லாவிட்டால் மூன்று வள்ளத்து ஆள்களின் வீட்டிலும் உலை கொதிக்காது. ஆகவே அவர் தான் போகாமல் திட்டுக்கு அரிசி அனுப்பினார். கொஞ்சமல்ல, மூட்டை மூட்டையாக. அவ்வளவு அரிசி அந்தக் கழியை அதற்கு முன் தாண்டியதில்லை.

சீலா வரத்து முடிந்தது. குரல் மறுபடி வந்தது.

"வஸ்தியான், வா."

அரிசியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை அவர் மூன்று வள்ளத்தில் நல்லதாக ஒன்றை அனுப்பினார். இனி அது திட்டுக்கே சொந்தம், தண்ணீர் சுமக்கட்டும் என்றார். வள்ளம் குடங்களோடு போய்த் திட்டின் கரையில் நின்றது. குடங்களை வாசல்வரை தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. ஆகவே அது நின்றுகொண்டே இருந்தது.

மூன்றாம் தடவையும் குரல் வந்தது. அதே இரண்டு வார்த்தைகள்.

அன்று வஸ்தியான் தன் கைகளைப் பார்த்தார். விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். எல்லா விரலும் இருந்தன. அவற்றின் மேல் அவருக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அவர் நம்பிக்கை இல்லாதவர் அல்ல. கூப்பிட்டது யார் என்று தெரியும், எங்கே கூப்பிட்டார் என்றும் தெரியும். தெரிந்ததால்தான் பயந்தார்.

பயந்தவருக்கு ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது.

உபதேசியாரிடம் போய்க் கேட்டார். உபதேசியார் வெகுநேரம் யோசித்தார். மாற்றாள் அனுப்பக் கூடாது என்று ஆண்டவர் எங்கேயும் சொன்னதாகத் தனக்குத் தெரியவில்லை என்றார். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டார். அவர்களில் மாற்றாள் அனுப்பாதவர் ஒருவரும் இல்லை. கடலுக்கே செல்லுபடியாகும் வழக்கம் கடலைப் படைத்தவருக்குச் செல்லாதா என்றார்கள்.

யாரை அனுப்புவது? கஸ்பாரைக் கேட்டார்கள்.

கஸ்பாருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கோயிலுக்குத் திருநாளன்று மட்டும் வருவான். அன்றும் உள்ளே வராமல் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரைக் கேலி செய்துகொண்டிருப்பான். கேட்டதும் அவன் கொஞ்சம் தலையைச் சொறிந்தான்.

"எங்க அம்மா சாகக் கெடந்தப்ப நீங்க எனக்காகத் துடுப்பு வலிச்சீங்க, சம்மாட்டியாரே. அத நான் மறக்கல. போறேன். ஆனா ஆண்டவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது. ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். வஸ்தியானும் சிரித்தார். மதலேனாள் மட்டும் சிரிக்கவில்லை. கட்டுச்சோறு கட்டி அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கஸ்பார் கழியைத் தாண்டிப் போனான். அதற்குப் பிறகு குரல் வரவில்லை.

ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்று வஸ்தியான் சொன்னார். ஊரும் அப்படியே சொன்னது. ஓலைக்கூரையைப் பிரித்துவிட்டு அவர் செலவில் கல்லில் கோயில் கட்டினார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, பெயர் சொல்லி அழைக்கப்பட்டவரின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக் கதையைச் சொல்லி முடித்த கையோடு உபதேசியார் வஸ்தியானின் கதையையும் சொன்னார். அந்தக் கதையில் ஆரம்ப நாள்களில் கஸ்பார் வந்தான். பிறகு பெயரில்லாத ஒரு வள்ளக்காரன் வந்தான். பிறகு ஒருவரும் வரவில்லை.

வருஷாவருஷம் கச்சான் காற்று அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. வஸ்தியானுக்குத் தலை நரைத்தது. தினமும் காலையில் கழிப் பக்கம் காதைக் கொடுத்து நிற்பார். தண்ணீர்ச் சத்தம் கேட்கும், பறவைச் சத்தம் கேட்கும். முதலில் அதை நிம்மதி என்று நினைத்தார். பிறகு அது நிம்மதி அல்ல என்று தெரிந்தது. ஒருநாள் மதலேனாளிடம் வாய்விட்டுச் சொன்னார், இன்னொரு தரம் கூப்பிட்டால் போய்விடுவேன் என்று.

மதலேனாளும் கிழவியாகிவிட்டிருந்தாள்.

"எத்தனை தரம் கூப்பிடுவாரு? மீன்காரியே மூணு தரம் கூவிப் பாத்துட்டு அடுத்த தெருவுக்குப் போயிருவா."

அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஆளைக் கூப்பிட்டு வள்ளத்தைத் தள்ளச் சொன்னார்.

திட்டில் கால் வைத்ததும் அவர் முதலில் தேடியது, தான் கொடுத்த வள்ளத்தை. அது இல்லை. அதன் பலகைகள் குடிசைகளுக்குக் கதவாகியிருந்தன. ஒருவன் இடுப்பில் குடத்தோடு நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தான். கால் விரல்கள் இல்லை. முகம் தடித்து மாறியிருந்தது. சிரித்தபோதுதான் கஸ்பார் என்று தெரிந்தது.

"வாங்க சம்மாட்டியாரே. உக்காருங்க. பயப்படாதீங்க, அந்தக் கல்லுல வெயிலு மட்டுந்தான் ஒட்டும்."

வஸ்தியான் உட்கார்ந்தார். ஏலே என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு அன்று அது வரவில்லை. கொஞ்ச நேரம் கடல் மீனைப் பற்றிப் பேசினார். கட்டின கோயிலைப் பற்றிச் சொன்னார். பிறகு கேட்க வந்ததைக் கேட்டார்.

"கஸ்பாரு, இங்க அந்தக் குரல் கேக்குமா? என்னைப் பத்தி ஏதாவது..."

கஸ்பார் குடத்தைக் கீழே வைத்தான்.

"கேக்கும். நான் வந்த நாள்லேருந்து கேக்குது. வஸ்தியான்னுதான் கூப்பிடும். அவரு வரல, நான் மாற்றாளுன்னு சொல்லிட்டுத் தண்ணி எடுத்துட்டுப் போவேன். மறுநாளும் வஸ்தியான்னே கூப்பிடும். ரொம்ப வருசம் அப்படியேதான். எனக்கே உங்க மேல பாவமாப் போச்சு. அவ்வளவு ஆசையாக் கூப்பிடும்."

"இப்ப?"

"இப்ப கஸ்பாருங்குது."

வஸ்தியான் கஸ்பாரின் முகத்தில் கேலி இருக்கிறதா என்று பார்த்தார். எப்போதும் கேலி பேசிய அந்த முகத்தில் அன்று அது இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு, நான் இங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டார். கஸ்பார் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இருங்க. யாரு வேண்டாம்னா? குடம் அந்தா இருக்கு, வாசல் இந்தா இருக்கு. அதுக்கு எவன் கூப்பிடணும்? ஆனா கூப்பிட்டதால வந்தேன்னு மட்டும் இங்க யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க."

வஸ்தியான் எழுந்தார். குடத்தின் பக்கம் போனார். அப்போது கடைசிக் குடிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தண்ணி."

அவர் அப்படியே நின்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அது மறுபடி வந்தது. ஒரு கிழவியின் குரல். தொண்டை கட்டி, பாதி காற்றாக வந்தது. அதில் வஸ்தியான் என்ற பெயர் இல்லை. வா என்ற வார்த்தையும் இல்லை. அவர் கேட்க வந்த குரல் அது இல்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கழியில் தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது, இப்போது விட்டால் நாளைக்குத்தான் என்று அவரைக் கூட்டி வந்த வள்ளக்காரன் சத்தம் போட்டான். வஸ்தியான் நடந்துபோய் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தார். கஸ்பார் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, இந்தா வந்துட்டேன் ஆத்தா என்று சொல்லிக்கொண்டே கடைசிக் குடிசையை நோக்கி நொண்டிப் போனான்.

வஸ்தியான் அதற்குப் பிறகும் நெடுநாள் உயிரோடு இருந்தார். தினமும் காலையில் கரையில் நின்றார். செத்தபோது கல்கோயிலுக்குள்ளேயே அவரைப் புதைத்து, ஆண்டவரால் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். வெட்டியதில் பொய் ஒன்றும் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சிறியவர்களே, பெரியவர்களே, ஆண்டவர் ஒருவனைக் கூப்பிட்டால் அவனேதான் போக வேண்டும். தன் இடத்தில் அவன் எதை அனுப்பினாலும், யாரை அனுப்பினாலும், அவன் போகாதவன்தான்.