இரண்டு தடவை விழுந்த உப்பு

"என்னை அடுப்படியிலிருந்து விட்டுவிடுங்கள், சாமி."

சொன்னவர் தில்லைவனம். மடத்தின் தலைமைச் சமையல்காரர். வயது அறுபத்திரண்டு. மடத்துச் சாமி அவரைவிட இருபது வயது இளையவர்.

மூன்று மாதத்துக்கு முன் தில்லைவனத்துக்கு பைபாஸ் ஆபரேஷன். நெஞ்சு தேறிவிட்டது. தலை தேறவில்லை.

"இன்றைக்குச் சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். இருநூறு இலை. பாதிப் பேர் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்."

"நானும்தான் சாப்பிட்டேன். டாக்டர் உமக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊருக்குக் கூட்டச் சொன்னாரா?"

தில்லைவனம் சிரிக்கவில்லை.

"ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு இப்படி மறதி வருமாம். சிலருக்குப் போய்விடுமாம். சிலருக்குப் போகாதாம். நான் எந்தச் சிலர் என்று டாக்டருக்கும் தெரியவில்லை."

"போகாவிட்டால்?"

"அதற்குத்தான் வந்தேன். ஒரு மூலை கொடுங்கள். இருக்கிற நாளை இருந்துவிட்டுப் போகிறேன்."

"மூலையில் உட்காரவா நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள்?"



அந்த மடத்தில் முருகனுக்குப் படைக்கும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. எச்சில் தெறிக்கும் என்று அடுப்படியில் எல்லோரும் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார்கள். பேச்சும் கிடையாது. உப்பு விழுந்ததா என்று நினைவுதான் சொல்ல வேண்டும்.

"இரண்டாவது தடவை போட்டபோது பக்கத்தில் யார்?"

"கொம்பையா."

இருபது வருடமாக அடுத்த அடுப்பில் நிற்பவர்.

"பார்த்தாரா?"

"பார்த்தார்."

"பிறகு?"

"தலையைக் குனிந்துகொண்டார்."

"ஏன் சொல்லவில்லை?"

"வாயைக் கட்டியிருந்தாரே, சாமி."

"கையையுமா?"

தில்லைவனம் தரையைப் பார்த்தார்.

"இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது அவர் பக்கம் திரும்பி எதையாவது கேட்டிருக்கிறீரா?"

"தேவை வரவில்லை."

"இப்போது வந்துவிட்டது."

"என்னிடம் வேலை கற்றவர், சாமி. அவரிடம் போய், நான் உப்புப் போட்டேனா என்று கேட்பதா? எல்லோரும் பார்ப்பார்கள்."

"மூலையில் உட்கார்ந்தால் பார்க்கமாட்டார்களோ?"

சாமி எழுந்துவிட்டார்.

"நாளைக்கும் அடுப்பு உம்முடையதுதான். போம்."

மறுநாள் சாம்பார் கொதித்தது. தில்லைவனம் கையில் உப்புக் கிண்ணம்.

போட்டோமா?

தெரியவில்லை.

கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. கால் வாசல் பக்கம் நகர்ந்தது. பிறகு நின்றது.

கொம்பையா பார்த்தார். நேற்றுப் போலவே தலையைக் குனிந்தார்.

தில்லைவனம் கரண்டியால் அண்டாவின் விளிம்பில் தட்டினார். கொம்பையா நிமிர்ந்தார்.

தில்லைவனம் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். புருவத்தை உயர்த்தினார்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த நான்கு பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கொம்பையா உள்ளங்கையை விரித்து ஆட்டினார். வேண்டாம், போட்டாயிற்று.

தில்லைவனம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அடுத்த அண்டாவுக்குப் போனார்.

படையல் முடிந்தது. பந்தி உட்கார்ந்தது. தில்லைவனம் வாளியோடு சாமியின் இலைக்கு வந்தார்.

"எத்தனை தடவை கேட்டீர்?"

"நாலு."

"கொம்பையா?"

"துணிக்குள்ளே சிரிக்கிறார். கண் காட்டிக்கொடுக்கிறது."

"சிரிக்கட்டும். நாளைக்கு?"

"பத்துத் தடவை ஆனாலும் கேட்பேன்."

"சோறு ஆறுகிறது. ஊற்றும்."