மயில் அமைச்சரின் வேலைத் திட்டம்

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம்தான் இருந்தது. அதிலும் பாதிக்கு மேல் சேறு. மழைக்காலம் வருவதற்குள் தூர்வாராவிட்டால், அடுத்த கோடையில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இருக்காது.

கவலைப்பட்ட சிங்கராஜா, மயில் அமைச்சரைக் கூப்பிட்டார். மயிலுக்குத் தன் தோகையைவிடத் தன் மூளைமேல்தான் கர்வம் அதிகம், குழந்தைகளே.

"விடுங்கள் அரசே! 'எல்லோருக்கும் வேலை' என்று ஒரு திட்டம் போட்டுவிட்டேன். தூர்வார வருகிறவர்களுக்குக் கிழங்குதான் கூலி. நாளை காலையே ஓடி வந்துவிடுவார்கள், பாருங்கள்!"

மான் வந்தது, சேற்றில் வழுக்கி வழுக்கி விழுந்தது. முயலும் வந்தது. அது காதுவரை புதைந்துபோனதால், அதைத் தூக்கிவிடவே தனியாக ஆள் தேவைப்பட்டது. மண்ணைக் கிளறுவதில் கெட்டிக்காரர்களான காட்டுப்பன்றியும் கரடியும் மட்டும் வரவே இல்லை.

"இரண்டும் சோம்பேறிகள். கூலியைக் கூட்டினால் வரும்" என்றது மயில்.

கூட்டிப் பார்த்தார்கள். வரவில்லை.

"அப்படியானால் வேலை தெரியவில்லை. பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும்."

மயில் பன்றியின் புதருக்கே போய், ஒற்றைக் காலால் மண்ணைக் கீறிக் காட்டியது. "இப்படித்தான் தோண்ட வேண்டும். தெரிந்ததா?"

பிறந்தது முதல் தோண்டிக்கொண்டே இருக்கும் பன்றி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தெரிந்தது ஐயா. ஆனால்..." என்று ஆரம்பித்தது. அதற்குள் மயில் கரடிக்குப் பயிற்சி கொடுக்கக் கிளம்பிவிட்டது.

வானத்தில் மேகம் திரளத் தொடங்கியது. சிங்கராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இரண்டையும் சபைக்கு வரச் சொல்லுங்கள்! வேலைக்கு வராதவர்கள் காட்டை விட்டே போகட்டும்!"

பன்றி வந்தது. பின்னால் குட்டிகள் ஒரு படையாக வந்தன. கரடியின் முதுகிலும் இரண்டு குட்டிகள். வந்த வேகத்தில் அவை சபையை இரண்டாக்கிவிட்டன. ஒன்று சிங்கராஜாவின் வாலைக் கடித்தது. மற்றவை மயிலின் தோகையைப் பிடித்துத் தொங்கின.

"ஐயோ, விடு, விடு! இந்தக் குட்டிகளைப் பார்த்துக்கொள்ள இங்கே யாருமே இல்லையா?" என்று மயில் அலறியது.

"அதைத்தானே ஐயா நானும் கேட்க வந்தேன், நீங்கள் எங்கே பேச விட்டீர்கள்?" என்றது பன்றி. "புதரில் விட்டுவிட்டு வந்தால் மலைப்பாம்பு விழுங்கிவிடும். குளத்துக்குக் கூட்டி வந்தால் சேற்றில் புதைந்துவிடும். நாங்கள் என்னதான் செய்வது?"

சிங்கராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன் குட்டிகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவரும் ஒருநாள்கூட யோசித்ததில்லை.

மான் மெல்ல முன்னே வந்தது. "அரசே, எனக்குத் தோண்ட வராது. ஆனால் ஒரு சருகு அசைந்தாலும் காதில் விழுந்துவிடும். குட்டிகளை நான் பார்த்துக்கொள்ளட்டுமா?"

"பார்த்துக்கொள். அதுவும் வேலைதான். உனக்கும் அதே கூலி!" என்றார் சிங்கராஜா.

மறுநாளே பன்றியும் கரடியும் குளத்தில் இறங்கிச் சேற்றை வாரி வாரிக் கரையில் போட்டன. கடைசிச் சேற்றை அள்ளிப் போட்ட பிறகுதான் மழை கொட்டியது. குளம் கரைவரை நிரம்பியது.

குட்டிகள் பிய்த்தது போக மிச்சமிருந்த இறகுகளை விரித்துக்கொண்டு மயில் கேட்டது: "என் திட்டம் எப்படி, அரசே?"

நீதி: வேலைக்கு வராதவரைச் சோம்பேறி என்று சொல்லும் முன், அவரை வரவிடாமல் தடுப்பது எது என்று அவரிடமே கேள்.