வெற்றிலைக் கறைக்குச் சொந்தக்காரர்

முன்னொரு காலத்தில் மூட்டுவலிக்கார ராஜா ஒருவர் இருந்தார். வலியெல்லாம் முழங்காலுக்குத்தான், ஆசைக்கு இல்லை. மலைக்குகைச் சுவரில் என்றோ யாரோ எழுதிவிட்டுப் போன யானைச் சித்திரத்தைத் தினமும் பார்க்கவேண்டுமாம், ஆனால் மலை ஏற மாட்டாராம். யானை அரண்மனைக்கு வரட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ஆஸ்தான ஓவியர் நாகலிங்கர் குகைக்குப் போய், அந்த யானையை அப்படியே சீலையில் எழுதிக் கொண்டுவந்தார். விளக்குப் புகை படிந்த இடத்தைக்கூட விடவில்லை. மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் தம் விரலை வெட்டலாம் என்று சபையில் சத்தியம் செய்தார். ராஜா மகிழ்ந்துபோய்ப் பொற்சங்கிலி போட்டார். மனிதர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். இனி அந்த யானையை எழுதும் உரிமை தமக்கு மட்டுமே என்று ஓர் ஆணையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாளே வடிவாள் பிடிபட்டாள். மலையடிவாரத்தில் அந்த யானையைத் துணியில் எழுதி விற்றுத்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. துணிகளையெல்லாம் கொளுத்தவேண்டும் என்றார் நாகலிங்கர். அரண்மனை விகடகவி மருதப்பனுக்கு மனசு பொறுக்கவில்லை. அவன் தோளில் கிடந்ததும் அவள் எழுதிய துண்டுதான்.

கத்தரிக்கோலோடு சபைக்கு வந்து நின்றான்.

“மகாராஜா, அவரவர் பொருள் அவரவருக்குச் சேரவேண்டும். சுவரில் இருப்பது ஊருக்குச் சொந்தம். சுவரில் இல்லாதது எதுவோ அது ஓவியருக்குச் சொந்தம். அவர் காட்டட்டும், சீலையிலிருந்து நறுக்கிக் கொடுத்துவிடுகிறேன்.”

நாகலிங்கர் தும்பிக்கையைக் காட்டினார். அது சுவரிலேயே இருக்கிறதே என்றான் மருதப்பன். கண்ணைக் காட்டினார். அதுவும் இருந்தது. வாலைத் தாம் கொஞ்சம் அழகாக வளைத்ததாகச் சொல்ல வாயெடுத்தவர், தம் விரலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

“கண் நோக உழைத்தேனே, அது என்னுடையது இல்லையா?” என்றார்.

“அந்த உழைப்புக்குத்தான் சங்கிலி தங்கள் கழுத்தில் கிடக்கிறது, ஐயா.”

மருதப்பன் குனிந்து சீலையின் மூலையைப் பார்த்தான். அங்கே ஒரு சிவப்புக் கறை. எழுதும்போது ஓவியர் வாயிலிருந்து சிந்திய வெற்றிலைச் சாறு.

“இது சுவரில் இல்லை, மகாராஜா. அவருடைய விரலை மன்னித்து, இந்தக் கறையை அவருக்கே கொடுத்துவிடுங்கள்.”

ராஜா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யானை எல்லோருக்கும் பொது, நாகலிங்கர் அனுமதியின்றி அந்த வெற்றிலைக் கறையை மட்டும் யாரும் எழுதக்கூடாது என்று ஆணையை மாற்றினார். மருதப்பனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். அவன் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யானைத் துண்டோடுதான் வீடு திரும்பினான்.

வடிவாள் மறுபடி யானை எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொரு துணியிலும் அந்த ஒரு மூலையை மட்டும் வெறுமையாக விட்டாள். கறை வைப்பதற்கு அனுமதி கேட்டு யார் அலைவது?