ஐந்தாவது முகவரி

“பயம் போகணும், அம்மா. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

கேட்டவர் அறவாழி. தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து, விருப்ப ஓய்வு பெற்று, குன்றடி மடத்துக்கு வந்து சேர்ந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர்.

குரு மங்கையர்க்கரசி மடத்து அலுவலகத்தின் வாசலில் நின்றிருந்தார்.

“எதைக் கண்டு பயம்?”

அறவாழி தம் வலக்கையை நீட்டினார்.

“இதைக் கண்டு.”

விரல்கள் நடுங்கின. நடுங்கவில்லை என்றும் சொல்லலாம்.

“எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. பிறகு அண்ணனுக்கு. முதல்ல கை. அப்புறம் நடை. அப்புறம் பேச்சு. கடைசியில பெத்த பிள்ளையையே யாருன்னு கேட்டார்.”

“பரிசோதனை?”

“ரத்தம் கொடுத்தாச்சு. என் பொண்ணு நிறைமதி உண்டாகியிருக்கா. எனக்கு இந்த நோய் இல்லேன்னா, என் வழியா அவளுக்கும் வராது. இருந்தா, அவளும் பார்க்கணும். முடிவு வந்துடுச்சாப்பான்னு தினமும் கேட்கிறா. இன்னும் வரலைன்னு சொல்றேன்.”

“வரலையா?”

அறவாழி கணினியின் முன் அமர்ந்தார்.

மடத்துக்கு நான்கு மின்னஞ்சல் முகவரிகள்: அலுவலகம், மருந்தகம், பள்ளி, நூல் விற்பனை. நான்கையும் ஒரே அஞ்சல் மென்பொருளுக்குள் கொண்டுவந்து, திரையின் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தவர் அவர்தான். மருந்தகத்துக்கு வந்த கேள்விக்குப் பள்ளியின் பெயரில் பதில் போனதாக ஒரு நாளும் புகார் எழுந்ததில்லை. வசதிக்காகத் தம் சொந்த முகவரியையும் ஐந்தாவதாகச் சேர்த்திருந்தார்.

மென்பொருள் திறந்தது. நான்கு பெட்டிகளிலும் அஞ்சல்கள் வந்து இறங்கின.

திரையின் நடுவே ஒரு சிறு கட்டம் எழுந்தது. கடவுச்சொல் கேட்டது.

அறவாழி அதைப் படிக்காமலே ‘ரத்து’ என்பதை அழுத்தினார்.

“அது என்ன?”

“ஐந்தாவது முகவரி. தினமும் கேட்கும்.”

“கடவுச்சொல் மறந்துபோச்சா?”

“இல்லம்மா. சேமிச்சுத்தான் வெச்சிருந்தேன். முடிவை மின்னஞ்சல்ல அனுப்புவோம்னு ஆய்வகத்துல சொன்ன அன்னைக்கு, நானே அழிச்சுட்டேன்.”

“அந்த முகவரியையே எடுத்துடலாமே?”

“அதுக்கும் பயம்.”

குருவின் முகத்தில் சிரிப்பு வந்து, தங்காமல் போனது.

“நாலு பெட்டியை இத்தனை ஒழுங்கா வெச்சிருக்கீங்க, எஞ்சினியரே.”

“அதெல்லாம் மத்தவங்களுக்கு வர்றது, அம்மா.”

குரு தம் கைப்பேசியை எடுத்தார். ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக, நெடுநேரம் தட்டினார்.

“உங்க கேள்விக்குப் பதில் அனுப்பிட்டேன்.”

அறவாழி ஆவலோடு நான்கு பெட்டிகளையும் புதுப்பித்துப் பார்த்தார்.

“வரலையே?”

“ஐந்தாவதுக்கு அனுப்பினேன்.”

கோலை ஊன்றிக்கொண்டு குரு போய்விட்டார்.

*

மறுநாள் காலை, அஞ்சல் பார்க்கும் வேளையில், குரு மீண்டும் வந்தார்.

அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அறவாழி எழப்போனார்.

“எழுந்திருக்காதீங்க. உங்க வேலையைப் பாருங்க.”

குரு அவர் முதுகுக்குப் பின்னால், அலமாரியை ஒட்டி நின்றார்.

கட்டம் எழுந்தது. அறவாழி ‘ரத்து’ அழுத்தினார்.

குரு வெளியேறினார்.

அதற்கடுத்த நாளும் அவ்வாறே. அதன் பிறகும்.

அறவாழியின் பயம் இரண்டாகிவிட்டது. கூடத்தில் கோலின் ஓசை கேட்டதுமே நிமிர்ந்து உட்காருவார். பிடரியில் ஒரு பார்வை ஊர்வதுபோல் இருக்கும். செய்தித்தாளின் ஓரத்தில் தம் கையெழுத்தைப் போட்டுப் பார்ப்பார். பழைய கையெழுத்தோடு ஒப்பிடுவார். ஒரு நாள் சுழி சற்றே நீண்டிருந்தது. அன்று அவரால் சாப்பிட முடியவில்லை.

எழுந்து கைகழுவப் போனவரைச் சமையற்கட்டுச் செங்கமலம் வழிமறித்தார்.

“ஏன்யா, அம்மாவைத் தினமும் நிக்க வெச்சு வேடிக்கை பார்க்கிறீங்களா? பஸ்ஸிலேருந்து விழுந்து முழங்காலுக்குத் தகடு வெச்சவங்க. நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து என் கைதான் வேகுது.”

“நான் நிக்கச் சொல்லலை. அவங்கதான் என்னைக் கண்காணிக்கிறாங்க.”

“ஆமாமா. உங்க முதுகுல சினிமா ஓடுது. பார்க்க வர்றாங்க!”

மறுநாள் அறவாழி திரும்பிப் பாராமலே கேட்டார்:

“அம்மா, அந்தப் பதிலை வாயால சொல்லிடக் கூடாதா?”

“அனுப்பியாச்சு.”

“எனக்குத் தைரியம் வரட்டும், அப்புறம் படிக்கிறேன்.”

“சரி.”

கட்டம் எழுந்தது. ‘ரத்து’.

*

அன்று மாலை நிறைமதி தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்பா, முடிவு வந்துச்சா?”

“இன்னும் இல்லம்மா.”

“சரிப்பா.”

அவள் தொடர்பைத் துண்டிக்கவில்லை.

“அப்பா.”

“சொல்லும்மா.”

“இன்னைக்கு என் கையிலேருந்து சாவி விழுந்துடுச்சு. சும்மாதானே விழுந்திருக்கும்?”



“சும்மாதான்டா விழுந்திருக்கும்.”

“காலையிலேருந்து என் விரலையே பார்த்துட்டிருக்கேன்பா.”

*

மறுநாள் காலை கட்டம் எழுந்தது.

பழக்கத்தில் விரல் ‘ரத்து’ பக்கம் போயிற்று. நின்றது.

அறவாழி கடவுச்சொல்லைத் தட்டினார். தவறு என்றது. விரல்தான் தவறியதோ என்று கையைப் பார்த்தார். மீண்டும், ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

ஐந்தாவது பெட்டி திறந்தது.

நெடுநாள் அடைபட்டிருந்த அஞ்சல்கள் மளமளவென்று இறங்கின. வங்கியின் விளம்பரங்கள், மின்வாரிய அறிவிப்பு, யாரோ அனுப்பிய பண்டிகை வாழ்த்து. அவற்றுக்கிடையே, அடுத்தடுத்து, இரண்டு அஞ்சல்கள். மேலே குருவினுடையது. அதன்கீழ் ஆய்வகத்தினுடையது.

மேலே இருந்ததைத் திறந்தார்.

‘ஆய்வகம் அனுப்பியதைத் திறந்து படியுங்கள். தனியே படிக்க வேண்டியதில்லை. நீங்கள் படிக்கும்வரை நாள்தோறும் உங்கள் பின்னால் நிற்பேன். என் முழங்காலையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.’

அறவாழி திரும்பினார்.

குரு இரு கைகளாலும் கோலை இறுகப் பற்றியபடி நின்றிருந்தார். இடக்கால் தரையில் முழுதாகப் பதியவில்லை. உதட்டைக் கடித்திருந்தார்.

அறவாழி எழுந்தார். நாற்காலியைத் தூக்கி அவர் பக்கத்தில் வைத்தார்.

“நீங்க உட்காருங்க, அம்மா. நான் நின்னுக்கிட்டே படிக்கிறேன்.”