கன்னிப்பெட்டிப் பாவாடை

"என் கையில என்ன குறை, தாயி?" என்று கேட்டாள் உலகம்மாள்.

கேட்கப்பட்டவள் வெயிலுகந்தாள். மலையடிவாரத்துக் கல்மண்டபத்தில் தனியாக இருக்கும் துறவி. கேட்டவளுக்கு அவளைவிட வயது கூடுதல். ஆகவே குரு சிஷ்யையை அக்கா என்பாள், சிஷ்யை குருவைத் தாயி என்பாள். இருவருக்கும் அது உறுத்தவில்லை. பார்க்கிறவர்களுக்கு உறுத்தினால் அது அவர்கள் பாடு.

வெயிலுகந்தாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

உலகம்மாள் தன் குறையைக் கொட்டினாள். பொங்கலுக்கு வீட்டில் எல்லோருக்கும் அவள் கையால்தான் துணி. வீட்டுக்காரருக்குச் சட்டை, மாமியாருக்கு ரவிக்கை, நாத்தனார் பிள்ளைகளுக்குக் கவுன். போட்டால் கச்சிதமாக உட்காரும். மகள் செண்பகத்துக்கு மட்டும் உட்காராது. ரவிக்கை ஒரு பக்கமாகச் சரியும். பிரித்துத் தைத்தால் மறுபடியும் சரியும். சின்னப் பிள்ளையிலிருந்து இதே கதைதான்.

தை பிறந்ததும் செண்பகத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வடக்கே வேலை. போனால் வருஷக்கணக்கில் வரமாட்டாள். நேற்றுத்தான், கோபமே இல்லாமல், எனக்கு இந்த வருஷம் தைக்காதம்மா, கடையில் எடுத்துக்கிடுதேன் என்று சொல்லியிருக்கிறாள்.

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று உலகம்மாள் அழுதாள்.

"போறதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் தைச்சது அவ உடம்புல ஒட்டணும் தாயி."

வெயிலுகந்தாள் ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

"உங்களுக்கு எத்தனை பொண்ணு அக்கா?"

"ரெண்டு."

"மூத்தவளுக்கு நீங்க தைக்கிறது சரியா இருக்கா?"

உலகம்மாள் அழுகையை நிறுத்தினாள்.

"இருக்கும்னுதான் நினைக்கேன். அவதான் உடுத்துதாளே."

மூத்தவள் கோமதி, செண்பகம் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் போனவள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

கன்னியாகவே இறந்துபோன பெண் அந்தப் பக்கத்து வீடுகளில் வீட்டைவிட்டுப் போவதில்லை. அவளுக்கென்று கன்னிப்பெட்டி என்று ஓர் ஓலைப்பெட்டி, உத்தரத்தில் கட்டித் தொங்கும். பொங்கலன்று இறக்கிப் பழைய பாவாடையை எடுத்து ஆற்றில் விட்டு, புதியதை வைத்துக் கும்பிட்டு, மறுபடியும் ஏற்றிவிடுவார்கள். அடுத்த பொங்கல்வரை யாரும் தொடக்கூடாது.

யாரும் தொடாத அந்தப் பெட்டியிலிருந்து வருஷா வருஷம் வெளியே வரும் பாவாடை, உடுத்தி அழுக்கானதாக இருக்கும். உலகம்மாள் இதை வீட்டுக்காரரிடம் சொன்னாள். எலியாயிருக்கும் என்றார் அவர். எலி பாவாடை கட்டுமா என்று அவர் யோசிக்கவில்லை. அதன் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"நாளைக்கு அந்தப் பெட்டியைக் கொண்டாங்க. துணி, கத்தரி எல்லாம் எடுத்துக்கோங்க. செண்பகத்தையும் கூட்டிட்டு வாங்க" என்றாள் வெயிலுகந்தாள்.

"பொங்கலுக்கு முன்னால இறக்கக்கூடாது தாயி."

வெயிலுகந்தாள் மறுபடியும் அரிசியில் குனிந்துகொண்டாள்.

மறுநாள் உச்சிவேளையில் வந்தார்கள். பெட்டியைச் செண்பகம் சுமந்து வந்தாள். உலகம்மாள் அதைப் பார்க்காமலே முன்னால் நடந்து வந்தாள். மார்கழி வெயிலுக்குச் சூடில்லை. மண்டபத்துக்கு வெளியே ஓர் இலைகூட அசையவில்லை, காக்கைச் சத்தமும் இல்லை.

வெயிலுகந்தாள் பெட்டியைத் திறந்து பாவாடையை எடுத்துத் தரையில் விரித்தாள். பச்சைப் பட்டு. கல்யாண வயதுப் பெண்ணுக்கு ஆகிற நீளம்.

"யார் அளவு இது?"

செண்பகத்தின் அளவுதான். வருஷா வருஷம் செண்பகத்தை நிறுத்தித்தான் அளவெடுப்பாள் உலகம்மாள். எடுக்கும்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூத்தவளை நினைத்துக்கொள்வாள். கோமதி இருந்திருந்தால் தங்கையைவிட இவ்வளவு உயரம் இருந்திருப்பாள், இவ்வளவு இடுப்பு இருந்திருக்கும் என்று கொஞ்சம் கூட்டிக்கொள்வாள். ஒரே பட்டில் முதல் வெட்டு கன்னிக்கு, அடுத்தது செண்பகத்துக்கு.

செண்பகம் தூணில் சாய்ந்து நின்றாள். இதெல்லாம் அவளுக்குப் புதிது இல்லை. அம்மா தன்னை நிறுத்திவைத்து வேறு யாரையோ பார்ப்பாள் என்பது விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரியும்.

பாவாடையின் இடுப்புப் பட்டி சுருட்டிச் சுருட்டி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. முடிச்சு சின்னது, சரியாகப் போடத் தெரியாத கை போட்டது.

"இது யார் போட்டது?"

"நான் போடல தாயி. எல்லா வருஷமும் இப்படித்தான் இருக்கும்."

"மண்ணு எங்க இருக்கு, பாருங்க."

"கீழ் ஓரத்துல."

"ஏன்?"

"நடந்திருப்பா" என்றாள் உலகம்மாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஓரம் நைஞ்சிருக்கும் தாயி, கிழிஞ்சிருக்கும். வளருத பிள்ளைதானேன்னு ஒவ்வொரு வருஷமும் நீளத்தைக் கூட்டித்தான் வைக்கேன்."

"நடந்தா ஓரத்துல மண்ணு ஏறுமா?"

உலகம்மாள் குனிந்து பார்த்தாள்.

தூணருகில் இருந்து செண்பகம்தான் சொன்னாள். "தரையில இழுபட்டாத்தான் ஏறும்."

 உலகம்மாள் மண் ஒட்டிய ஓரத்தைக் கையில் எடுத்தாள். நீளத்தில் சின்னக் கால் தடுக்கித் தடுக்கித்தான் இத்தனை வருஷமும் அந்த ஓரம் கிழிந்தது என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. 

"அவளை யாரு அக்கா வளரச் சொன்னது?" என்றாள் வெயிலுகந்தாள்.

புதுத் துணியை எடுத்து உலகம்மாள் மடியில் போட்டாள்.

"ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒரு பாவாடை தைங்க."

உலகம்மாள் கத்தரியை எடுத்தாள். துணியில் விரலால் ஒரு கோடு போட்டாள், அழித்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று போட்டாள், அதையும் அழித்தாள். கத்தரி கையிலேயே நின்றது.

பிள்ளையின் சிரிப்பு ஞாபகம் இருந்தது. காய்ச்சலில் கொதித்த நெற்றி ஞாபகம் இருந்தது. தன் உடம்பில் எதுவரை வருவாள் என்பது மட்டும் போய்விட்டிருந்தது. பெற்றவளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? வாய்விட்டு அழுதாள்.

"எனக்கு அளவு மறந்துபோச்சு தாயி."

"எழுந்து நின்னு நாடாவை நீட்டுங்க."

"யாருக்கு?"

வெயிலுகந்தாள் நாடாவை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

உலகம்மாள் எழுந்தாள். அளவுநாடாவின் ஒரு முனையை விரல்களில் பிடித்துக் கீழே விட்டாள். மறுமுனை தரைக்கு மேலே தொங்கி ஆடியது.

பிறகு ஆடவில்லை.

நாடா விறைத்து நின்றது. கீழே அதன் பித்தளை நுனி, கணுக்கால் உயரத்தில், அசையாமல் நின்றது. மேலே உலகம்மாளின் கை நாடா வழியே தானாகத் தாழ்ந்து தாழ்ந்து, தன் இடுப்புக்குக் கீழே ஓர் இடத்தில் வந்து நின்றது. அங்கே விரல்களில் ஒரு சின்ன இடுப்பு பட்டது போலிருந்தது.

செண்பகம் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

நாடா லேசாக இழுபட்டது. அந்தப் பக்கம் நிற்க மாட்டாமல் யாரோ நெளிவது போல.

"ஆடாம நில்லுட்டி" என்றாள் உலகம்மாள்.

தன் வாயில் அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நாடாவில் கட்டைவிரல் பதிந்த இடத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான் அளவு. அவ்வளவு சின்னது.

உட்கார்ந்து வெட்டினாள். கையாலேயே தையல் ஓட்டினாள். வெயில் மண்டபத்தின் மறுபக்கம் போகும்வரை தைத்தாள். முடித்ததும் மஞ்சள் தடவி மடித்துப் பெட்டியில் வைத்து மூடினாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். உள்ளே துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

செண்பகத்துக்கும் அது கேட்டது. 

"நீ வாட்டி" என்று உலகம்மாள் அவளைக் கூப்பிட்டாள்.  "இப்ப உனக்கு."

செண்பகம் வந்து நின்றாள். எப்போதும்போல நேரே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

உலகம்மாள் வலது தோளை அளந்தாள், வலது கையை அளந்தாள். ரவிக்கைக்கு ஒரு பக்கம் அளந்தால் போதும். துணியை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டினால் மறுபக்கம் தானே வந்துவிடும். தையல் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள், அவளும் அப்படித்தான் செய்து வந்தாள். துணியை மடித்தாள். கத்தரியை வைக்கப் போனாள்.

வெயிலுகந்தாள் குனிந்து ஒரு விரலால் அந்த மடிப்பைப் பிரித்துவிட்டுப் போனாள். 

உலகம்மாள் விரிந்து கிடந்த துணியைப் பார்த்தாள். எழுந்து போய் மகளின் இடது தோளில் நாடாவை வைத்தாள். அளவு வேறாக இருந்தது. தவறாக வைத்துவிட்டோம் என்று மறுபடி வைத்தாள். அப்போதும் வேறாகத்தான் இருந்தது.

நாடாவைக் கீழே விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று, கண்ணை நன்றாகத் திறந்து, செண்பகத்தைப் பார்த்தாள்.

இடது தோள் இறங்கியிருந்தது. யார் பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு இறங்கியிருந்தது.

"எப்பத்துல இருந்துட்டி இப்படி?"

செண்பகம் முதல்முறையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பொறந்ததுல இருந்தும்மா."